மார்க் ஏன் குறைந்தது என்று கேட்டால்



அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளிடம் நேர்முகத் தேர்வில் கேட்கப்படும் ஒரு கேள்வியைப் பற்றி இன்று பேசப்போகிறேன். "நுழைவுத் தேர்வில் உங்கள் மதிப்பெண் குறைந்திருக்கிறதே, என்ன நடந்தது?" என்பதுதான் அந்தக் கேள்வி. நன்றாகப் படித்த, நல்ல மனசுள்ள பிள்ளைகள்கூட இதற்குப் பதில் சொல்லும்போது தடுமாறிவிடுகிறார்கள். சிலர் மன்னிப்புக் கேட்பதுபோல் பேசுகிறார்கள். சிலர் தேர்வையே குறை சொல்கிறார்கள். மருத்துவராகப்போகிறவர் இந்தப் பதிலைச் சொல்லக் கற்றுக்கொள்வது மிக முக்கியம் என்று நான் நம்புகிறேன். அது ஒரு சீட்டுக்காக மட்டும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமும் இல்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நம் ஊரில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. நீட் தேர்வில் 720க்கு எவ்வளவு, தரவரிசையில் எத்தனையாவது இடம், கலந்தாய்வில் எந்தக் கல்லூரி, அவ்வளவோடு முடிந்துவிடும். "ஏனப்பா குறைந்தது?" என்று கேட்க அங்கே ஆள் இல்லை, சொல்ல நினைத்தாலும் கேட்க ஆள் இல்லை. வேலூர் சி.எம்.சி. நீண்ட காலம் நேர்முகத் தேர்வு வைத்து மாணவர்களைத் தேர்ந்தெடுத்து வந்தது நம்மில் பலருக்குத் தெரியும். நீட் வந்ததும் அந்த வழி அடைபட்டது. அமெரிக்காவில் அந்த வழி இன்றும் திறந்திருக்கிறது. அங்கே மதிப்பெண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிறார்கள்.

அந்தப் பயணம் நீளமானது. பள்ளி முடித்து, நான்காண்டுக் கல்லூரிப் பட்டம் படித்த பிறகுதான் பொதுவாக மருத்துவக் கல்லூரியில் சேர முடியும். அதற்கு எழுதும் நுழைவுத் தேர்வுதான் எம்கேட். நான்கு பிரிவுகள், மொத்தம் 230 கேள்விகள். இடைவேளைகளையும் சேர்த்தால் ஏழு மணி நேரத்துக்கு மேல் தேர்வு அறையில் இருக்க வேண்டும். மூன்று பிரிவுகளில் உயிரியல், வேதியியல், இயற்பியல், உளவியல், சமூகவியல் எல்லாம் வரும். நான்காவது பிரிவில் பாடமே கிடையாது. இலக்கியம், தத்துவம், வரலாறு, சமூகம் என்று எதையாவது பற்றிய கட்டுரைப் பகுதிகளைக் கொடுத்து, 90 நிமிடத்தில் 53 கேள்விகள் கேட்பார்கள். வாசிப்புப் பிரிவு என்று சொல்லலாம், மனப்பாடம் கை கொடுக்காத இடம் அது.

மதிப்பெண் முறையும் விசித்திரமாகத் தோன்றும். குறைந்தது 472, அதிகம் 528. நடுவில் இருப்பது 500. ஒவ்வொரு பிரிவுக்கும் 118 முதல் 132 வரை. ஆண்டுதோறும் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே இடம் கிடைக்கிறது. அப்படிச் சேர்கிறவர்களின் சராசரி மதிப்பெண் 511, 512 என்ற அளவில் இருக்கிறது. அதனால் 503 வாங்கிய பிள்ளைக்கு அது குறைவு. 520 வாங்கியவர்களே நிறைந்திருக்கும் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் 510 வாங்கியவருக்கும் அது குறைவுதான். எங்கே போய் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் குறைவு என்பதே தீர்மானமாகிறது. தேர்வை நடத்தும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் மதிப்பெண்ணோடு இன்னொன்றையும் சேர்த்தே சொல்கிறது: மொத்த மதிப்பெண்ணில் இரண்டு கூடவோ குறையவோ இருக்கலாம். 505 என்றால் உண்மையான திறன் 503க்கும் 507க்கும் நடுவில் எங்கோ இருக்கலாம் என்று பொருள். அந்த எண்ணைக் கல்லில் செதுக்கியதாக அதை அளந்தவர்களே நினைக்கவில்லை.

அப்படியென்றால் நேர்முகத் தேர்வில் அதைப் பற்றி ஏன் கேட்கிறார்கள்? இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

1920களில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு ஒரு பெரிய தலைவலி இருந்தது. சேர்ந்த மாணவர்கள் பாதியிலேயே வெளியேறினார்கள். சில கல்லூரிகளில் நூற்றுக்கு ஐந்து பேர், சில கல்லூரிகளில் நூற்றுக்கு ஐம்பது பேர். யார் தாக்குப்பிடிப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள 1928இல் ஒரு தேர்வை உருவாக்கினார்கள். இன்றைய எம்கேட்டின் மூதாதை அதுதான். சேர்த்துக்கொண்ட பிள்ளை நடுவழியில் நின்றுவிடக் கூடாதே என்ற கவலையில் பிறந்த தேர்வு அது. கேள்வி கேட்கும் பேராசிரியரின் மனதிலும் இன்றுவரை அதே கவலைதான் இருக்கிறது. மருத்துவக் கல்லூரியில் இரண்டு ஆண்டு அடிப்படைப் பாடம் முடியும் கட்டத்தில் முதல் உரிமத் தேர்வு வரும். அதன்பிறகு இரண்டாவது, மூன்றாவது. பிறகு சிறப்புத் துறைக்கான தேர்வு. ஒரு பெரிய தேர்வில் சறுக்கிய பிள்ளை இத்தனையையும் தாண்டுமா? "மதிப்பெண் ஏன் குறைந்தது" என்ற கேள்விக்குள் இருக்கும் கேள்வி இதுதான்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்துவிட்டது என்றால், அந்த மதிப்பெண்ணைப் பார்த்த பிறகும் உங்களை அழைத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களில் சில நூறு பேரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தச் சில நூறில் நீங்கள் ஒருவர். உங்களைத் திருப்பி அனுப்ப நினைத்திருந்தால் ஒரு மின்னஞ்சலே போதுமே! கேட்கிறவர் உங்களுக்காக வாதாடத் தனக்கு ஒரு காரணம் கிடைக்குமா என்று தேடுகிறார். நேர்முகம் முடிந்ததும் அவர் சேர்க்கைக் குழுவுக்கு எழுத வேண்டும், சில கல்லூரிகளில் அவரே குழுவில் உட்கார்ந்து பேச வேண்டும். அங்கே ஒருவர் "இந்த மார்க் குறைவாக இருக்கிறதே" என்று கேட்டால் அவர் என்ன சொல்வது? அந்தப் பதிலை அவர் கையில் கொடுத்து அனுப்ப வேண்டியது உங்கள் வேலை.

எப்படிக் கொடுப்பது? மூன்று விஷயங்கள் போதும். என்ன நடந்தது, அதன்பிறகு என்ன மாற்றிக்கொண்டேன், அது பலித்தது என்பதற்கு என்ன சாட்சி. ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒரு மாணவிக்கு 503. மூன்று அறிவியல் பிரிவுகளில் 127, 127, 128. வாசிப்புப் பிரிவில் 121. அவர் இப்படிச் சொல்லலாம்: "எனக்கு வாசிப்புப் பிரிவில்தான் விழுந்தது. அறிவியலுக்கு மாதக்கணக்கில் தயாரானேன். வாசிப்புக்குத் தனியாகத் தயாராக வேண்டாம் என்று தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன். அதன்பிறகு தினமும் எனக்குப் பழக்கமில்லாத துறையில் ஒரு நீளமான கட்டுரை படித்து, எழுதியவர் எதை நிறுவ வருகிறார் என்று மூன்று வரியில் எழுதிப் பார்த்தேன். கடைசி ஆண்டில் மருத்துவ வரலாற்றுப் பாடம் ஒன்றை விரும்பி எடுத்தேன். வாரம் ஒரு புத்தகம் படித்து விவாதிக்க வேண்டிய வகுப்பு. அதில் ஏ கிரேடு வாங்கினேன்." இவ்வளவுதான். இதில் அழுகை இல்லை, சாக்கு இல்லை. எண்ணை மறைக்கவும் இல்லை. கேட்கிறவர் குழுவில் போய்ச் சொல்வதற்கு மூன்று வாக்கியங்கள் கிடைத்துவிட்டன.

இதே மாணவி வேறு மாதிரியும் சொல்லியிருக்கலாம். "அந்தப் பிரிவு நல்ல மருத்துவரை அளக்கும் பிரிவே இல்லை" என்று. அதில் கொஞ்சம் உண்மைகூட இருக்கலாம். ஆனால் கேட்கிறவர் காதில் அது எப்படி விழும்? நாளைக்கு உரிமத் தேர்வில் தோற்றாலும் இந்தப் பெண் தேர்வைத்தான் குறை சொல்லும் என்று விழும். "நான் எப்போதுமே தேர்வில் சுமார்தான்" என்பது அதைவிட மோசம். பணிவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பலர் இதைச் சொல்கிறார்கள். இன்னும் பத்தாண்டு தேர்வு எழுதப்போகிறவர், தனக்குத் தேர்வே வராது என்று தானே வாக்குமூலம் கொடுத்துவிடுகிறார். அந்த வாக்கியத்தை மட்டும் எந்த நிலையிலும் சொல்லாதீர்கள்.

உண்மையான துன்பம் இருந்தால்? அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார், வீட்டுச் செலவுக்காக இரவு வேலைக்குப் போனேன், தேர்வுக்கு முந்தின வாரம் காய்ச்சல். இதையெல்லாம் தாராளமாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஓரிரு வாக்கியத்தில் சொல்லுங்கள். "அந்த வசந்த காலத்தில் அப்பாவுக்குப் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். தேர்வைத் தள்ளிப்போட்டிருக்க வேண்டும், போடவில்லை." இந்த இரண்டு வாக்கியமும் போதுமான கனம் உள்ளவை. இவற்றை இருபது வாக்கியமாக நீட்டினால், கேட்கிறவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைக்கு வந்துவிடுவார். அப்புறம் உங்கள் திறமையைப் பற்றிப் பேச நேரம் இருக்காது. துன்பத்தைச் சொல்லிவிட்டு, அதன் நடுவில் எப்படிப் படிப்பைத் திரும்பப் பிடித்தீர்கள் என்பதற்கு நகர்ந்துவிடுங்கள்.

இரண்டு மூன்று முறை எழுதியவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எம்கேட் தேர்வை ஓராண்டில் மூன்று முறையும், அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் நான்கு முறையும், வாழ்நாளில் ஏழு முறையும் எழுதலாம். எழுதிய எல்லா மதிப்பெண்ணும் கல்லூரிக்குத் தெரியும். சில கல்லூரிகள் அதிகமான மதிப்பெண்ணைப் பார்க்கும், சில கடைசியாக வாங்கியதை, சில சராசரியை. 498இல் இருந்து 507க்கு ஏறியவர் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் "இன்னும் கடுமையாக உழைத்தேன்" என்று மட்டும் சொன்னால் போதாது. முதல் முறை எப்படிப் படித்தேன், அதில் எது பிழை, அடுத்த முறை எதை மாற்றினேன் என்று சொல்ல வேண்டும். பாடத்தை மறுபடி மறுபடி படிப்பதை நிறுத்திவிட்டு, முழு நீளத் தேர்வை நேரம் வைத்து எழுதிப் பார்த்து, தவறிய ஒவ்வொரு கேள்வியையும் ஏன் தவறியது என்று குறித்துவைத்தேன் என்று சொல்கிறவரை யாரும் மறக்க மாட்டார்கள். தன் பிழையைத் தானே ஆராய்கிற பழக்கம் அவரிடம் வந்துவிட்டது என்று அதில் தெரிகிறது.

அவர்கள் கேட்காவிட்டால் நாமே எடுத்துச் சொல்லலாமா? பல கல்லூரிகளில் நேர்முகம் எடுக்கிறவருக்கு உங்கள் மதிப்பெண்ணே தெரியாது. உங்களைத் திறந்த மனதோடு பார்க்க வேண்டும் என்பதற்காகவே அதைக் காட்டாமல் வைத்திருப்பார்கள். அவரிடம் வலியப் போய் "எனக்கு மார்க் குறைவு" என்று தொடங்க வேண்டாம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாகி அமெரிக்காவுக்கும் வந்த இன்னொரு முறை இருக்கிறது. அதில் வரிசையாக அறைகள் இருக்கும். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு சூழ்நிலை எழுதியிருக்கும். இரண்டு நிமிடம் படித்துவிட்டு, உள்ளே போய் ஏழெட்டு நிமிடம் பேச வேண்டும். அங்கே மதிப்பெண்ணைப் பற்றிப் பேச்சு வருவது அபூர்வம். ஆனால் "நீங்கள் தோற்ற ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்" என்று ஓர் அறையில் கேட்கலாம். முடிக்கும்போது "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்றும் சிலர் கேட்பார்கள். உங்கள் விண்ணப்பத்தில் மதிப்பெண்தான் பெரிய ஓட்டை என்று உங்களுக்கே தெரிந்தால், அந்த இடங்களில் சொல்லலாம்.

நேயர்களே, இந்தப் பதிலைக் கற்றுக்கொள்வது சீட்டுக்காக மட்டும் இல்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். அதற்கு வருகிறேன்.

அமெரிக்காவின் ஒவ்வொரு போதனா மருத்துவமனையிலும் ஒரு வழக்கமான கூட்டம் நடக்கும். யார் இறந்தார்கள், யாருக்குச் சிக்கல் வந்தது, எங்கே தவறினோம் என்று பேசுவதற்கான கூட்டம் அது. ஓர் இளம் மருத்துவர் எழுந்து நின்று, தன் கையில் இருந்த நோயாளிக்கு நடந்ததை மூத்த மருத்துவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி என்ன மாற்றப்போகிறோம். அதே மூன்று விஷயங்கள்! இந்தப் பழக்கத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவர் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன். நூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஒவ்வொரு நோயாளிக்கும் கடைசியில் என்ன ஆயிற்று என்று பின்தொடர்ந்து பார்க்க வேண்டும், தவறுகளை எல்லோருக்கும் தெரியும்படி அச்சிட வேண்டும் என்றார். 1911இல் சொந்தமாக ஒரு சிறிய மருத்துவமனை தொடங்கி, தன்னுடைய தவறுகளையும் அச்சிட்டு வெளியிட்டார். சக மருத்துவர்கள் அவரோடு பகைத்துக்கொண்டார்கள். அவர் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

1999இல் அமெரிக்க மருத்துவ நிறுவகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மருத்துவமனைகளில் நேரும் தவறுகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கலாம் என்று அது மதிப்பிட்டது. நாடே அதிர்ந்தது. தனி ஆளைப் பழிப்பதால் தவறு குறையாது, தவறை வெளியே சொல்ல முடிகிற சூழல் வேண்டும் என்பது அந்த அறிக்கையின் சாரம். 2001இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை, தவறு நடந்தால் நோயாளியிடமும் குடும்பத்திடமும் நேராகச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, ஈடு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. வழக்குகள் பெருகும் என்று பயந்தார்கள், குறைந்தன.

இப்போது அந்த நேர்முக அறையை நினைத்துப் பாருங்கள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளையிடம் ஒருவர் "என்ன நடந்தது?" என்று கேட்கிறார். அது ஒரு தேர்வு மதிப்பெண். யாருடைய உயிரும் போகவில்லை. இதை நேராகச் சொல்ல முடியாதவர், நாளை ஒரு தாயிடம் "உங்கள் மகனுக்குக் கொடுத்த மருந்தின் அளவில் தவறு நேர்ந்துவிட்டது" என்று எப்படிச் சொல்வார்? இதை மழுப்புகிறவர் அதையும் மழுப்பத்தானே செய்வார்? அந்தக் கேள்விக்கு நேர்மையாகச் சொல்லும் பதிலை ஒரு மருத்துவரின் முதல் வேலையாகவே நான் பார்க்கிறேன். வெள்ளை அங்கி போடுவதற்கு முன்பே செய்யக் கிடைக்கிற வேலை அது.

எல்லாம் சரியாகச் சொல்லியும் இடம் கிடைக்காமல் போகலாம். அதையும் சொல்லிவிட வேண்டும். நேர்முகம் எடுக்கிறவர்களும் மனிதர்கள், அவர்களும் தவறுவார்கள். 1979இல் டெக்சஸ் மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஹூஸ்டனில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி தன் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு, இன்னும் ஐம்பது பேரைச் சேர்க்கும்படி மாநிலச் சட்டமன்றம் சொல்லிவிட்டது. நல்ல மதிப்பீடு பெற்றவர்கள் எல்லாம் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். அதனால் நேர்முகத் தேர்வில் பின்தங்கியிருந்தவர்களில் இருந்து ஐம்பது பேரைச் சேர்த்தார்கள். பிறகு இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கல்லூரிப் படிப்பிலும், பட்டம் வாங்கிய பின் முதலாண்டுப் பயிற்சியிலும் அவர்களுக்குள் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடே இல்லை. 1987இல் இந்த முடிவு அச்சானது. வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர்கள் வாய்ப்புக் கிடைத்ததும் மற்றவர்களுக்குச் சமமான மருத்துவர்களானார்கள். ஒரு கல்லூரி இல்லை என்று சொன்னால், அது அந்த ஆண்டு அந்தக் குழு எடுத்த முடிவு. அதற்கு மேல் அதற்கு அர்த்தம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, பெற்றோருக்கு. நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் கலிபோர்னியாவிலும் நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. அந்த வீடுகளில் எம்கேட் மதிப்பெண் வந்த அன்று நடப்பது நமக்குத் தெரியாததில்லை. நல்ல மார்க் என்றால் அன்றிரவே ஊரில் இருக்கும் சித்திக்கும் மாமாவுக்கும் போன் போகும். குறைந்துவிட்டால், "யார் கேட்டாலும் இன்னும் வரவில்லை என்று சொல்" என்பார்கள். பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அப்படிச் செய்கிறோம். ஆனால் அந்த எண் வெளியே சொல்லக் கூடாத அவமானம் என்பதை அங்கேதான் பிள்ளை கற்றுக்கொள்கிறது. வீட்டில் சொல்ல முடியாததை, முன்பின் தெரியாத பேராசிரியர் முன்னால் நிதானமாகச் சொல் என்றால் எப்படி முடியும்?

அதனால் சாப்பாட்டு மேசையிலேயே பழகுங்கள். அப்பா கேட்கட்டும்: "ஏம்மா, உனக்கு ஏன் குறைந்தது?" மகள் பதில் சொல்லட்டும். குறுக்கே பேசாதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையை இழுக்காதீர்கள். முதல் முறை குரல் தழுதழுக்கும். நாலைந்து முறை சொன்னபின் அது அவள் வாழ்க்கையில் நடந்த ஒரு செய்தியாக மாறிவிடும். அப்போது அவள் நேர்முகத் தேர்வுக்குத் தயார்.

விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் மதிப்பெண்ணைத் தலைநிமிர்ந்து சொல்லுங்கள். எங்கே தவறியது, எதை மாற்றினீர்கள், எது சாட்சி என்று சொல்லிவிட்டு, மருத்துவத்தை ஏன் நேசிக்கிறீர்கள் என்று பேசப் போய்விடுங்கள். தன் குறையை மறைக்காமல் சொல்லத் தெரிந்த மருத்துவர்கள் நோயாளிகளுக்கு மிகவும் தேவை. நீங்கள் அப்படி ஒருவராக வர வாழ்த்துகிறேன்.